இருமுறை வந்த இரண்டு மணி

சனிக்கிழமை மதியமே வந்துவிட்டோம்.
நாரெவ் ஆற்றின் மூடுபனிக்குள் சாலை முடிகிற இடம்.
மின்கம்பத்தின் மேல் நாரைக்கூடு காலி.
ஆகஸ்டிலேயே கிளம்பிவிட்டன என்றான் ஜெமோவித்,
தன்னிடம் சொல்லிக்கொண்டு போனதுபோல.

ஓடு பதித்த அடுப்பைப் பற்றவைக்க
இரண்டு பழைய தினசரிகளும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன.
ஈர பிர்ச் விறகு முனகிக்கொண்டே எரிந்தது.
ஹால்ஷ்கா ஜன்னலைத் திறந்தாள். நான் மூடினேன்.
அவள் திறந்தாள்.
ஒன்பது அக்டோபர்களாக இதே புகை.

பிறகு காடு.
பேசாமல் நடப்பதற்கென்றே வருகிறோம்,
ஆனாலும் மரங்களுக்கிடையே
ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம்:
ஹோப், ஹோப்.
தொலைந்துபோகவில்லை என்பதற்கு அவ்வளவு போதும்.
ஊசியிலைகளுக்கு அடியில் பழுப்புத் தொப்பி ஒன்று தெரிந்தால்
ஜெமோவித் மண்டியிடுவான்,
கத்தியால் தண்டை அறுப்பான்,
புழுத்துளை இல்லையென்றால்
மூக்கருகே கொண்டுபோய்க் கண்மூடுவான்.
போக்னா கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.
கூடை எப்போதும் அவளிடம்தான்.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

இரவு
காளான்களை நறுக்கி நூலில் கோத்து
அடுப்புக்கு மேல் கட்டினோம்.
வீடு நனைந்த நாயைப்போல் மணத்தது.
சீட்டு. பிளம் பிராந்தி. மறுபடி சீட்டு.
இன்று மூன்று மணியானதும்
திரும்பவும் இரண்டு என்று நினைவூட்டினான் ஜெமோவித்.
போன்கள் தாமாக மாறிக்கொள்ளும்,
சுவர்க் கடிகாரத்துக்குத்தான் ஆள் வேண்டும்.
அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை தருகிற இனாம்,
தூங்கி வீணாக்கக் கூடாதாம்.

இரண்டு இருபதுக்கு,
ஏழு சீட்டுகளை விசிறிபோல் பிடித்தபடி
போக்னா சொன்னாள்:
"எனக்கு இந்த இடம் பிடிக்காது.
ஒருநாளும் பிடித்ததில்லை.
காளானை வாயில் வைத்தால் நத்தை மாதிரி இருக்கிறது.
கழிப்பறைக்குப் போகிற பாதையில் பயம்.
இந்தப் போர்வைகள் எந்த அடுப்புக்கும் காயாதவை."
குரலில் கோபம் இல்லை.
கடைக்காரர் பழைய பாக்கியைச் சொல்வதுபோல் சொன்னாள்.
பிறகு ஸ்பேடு ராணியை இறக்கினாள்.

அடுப்புக்குள் ஒரு கட்டை சரிந்தது.
ஹால்ஷ்கா தன் சீட்டுகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.
நான் பாட்டில் மூடியைத் திருகினேன்,
திருகி முடிந்த பின்னும்.
அவள் சுமந்த கூடைகளின் எடையை
மனம் கூட்டத் தொடங்கி
நடுவில் கணக்கைத் தவறவிட்டது.

மூன்றானது.
ஜெமோவித் நாற்காலிமேல் ஏறினான்.
பெரிய முள்ளை விரலால் பின்னோக்கித் தள்ளினான்.
நான்காம் எண்ணைக் கடக்கும்போது
விரல் சற்றே நின்றது.
நாற்காலி ஆடியிருக்கலாம்.
இறங்கி வந்து "இரண்டு" என்றான்.
"இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. சீட்டைக் கலை."

போக்னாதான் முதலில் சிரித்தாள்.

இரண்டாவது இரண்டு இருபது வந்தபோது
யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
அத்தனை கவனமாக.
அவள் வாயைத் திறந்தாள்.
"யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு கூட வாருங்கள்."

நான்கு பேருமே போனோம்.
புல்லில் உறைபனி நொறுங்கியது.
ஆப்பிள் மரத்தடியில் அழுகிய பழங்களின் புளிப்பு.
ஆற்றுப்பக்கம் ஏதோ பறவை இருமியது.
சாத்திய பலகைக்கதவின் முன் மூன்று பேர்
கால்மாற்றிக் கால்மாற்றி நின்றோம்.
உள்ளிருந்து அவள், "ஹோப்?" என்றாள்.
ஹோப், ஹோப் என்றோம்.

ஞாயிறு திரும்பும்போது
கூடையை ஜெமோவித் மடியில் வைத்துக்கொண்டான்.
போக்னா கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கினாள்,
வாய் லேசாகத் திறந்து.
அடுத்த வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
வோம்ஜா தாண்டிய பிறகு ஹால்ஷ்கா மட்டும்,
"அக்டோபரில் கடற்கரை எப்படி இருக்கும்?" என்றாள்,
வைப்பரைப் பார்த்து.

என் காரின் கடிகாரத்தை மாற்றும் வழி
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
மார்ச் வரை அது
ஒரு மணி நேரம் கூடுதலாகவே காட்டும்.